டேங்க்கில் வைத்த பொட்டு

8 செப்டம்பர் 2025, திங்கள்

பொன்னேரியில் ரயில் இருபது நிமிடம் தாமதம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க சிப்காட் வந்து சேரும்போது எட்டே முக்கால். விக்டோரியா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தரப் பிரிவுக்கு அவர்தான் தலைவி. என்னைவிட எட்டு வயது சின்னவர். திட்டாமலே திட்டத் தெரிந்தவர்.

பழுது பார்க்கப் புதிதாக ஒரு டேங்க் வந்து இறங்கியிருந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் குட்டி விமானம், அதன் இடது இறக்கைக்குள் இருந்த எரிபொருள் டேங்க். பார்வைக்கு ஒரு தட்டையான அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். மூடியைக் கழற்றி டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது, அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. பழுப்பு வண்டல். அதைத் துடைத்தால் கீழே வெள்ளைப் பொடி. பொடியைச் சுரண்டினால் குண்டூசி முனை அளவில் குழி குழியாக. அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஊரே சொல்லும். சிவப்பாகப் பிடிக்காது, வெள்ளையாகப் பிடிக்கும்.

உள்ளே கைவிடும் ஓட்டை ஒரு சின்னத் தட்டு அளவுதான். எங்கள் கூடத்தில் பன்னிரண்டு ஆண்கள், ஒருத்தர் கையும் முழங்கையைத் தாண்டிப் போகாது. என் கை தோள்வரை போகும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் இங்கே பெருக்கத்தான் வந்தேன். ஒருநாள் உள்ளே விழுந்த திருகாணியை எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, "மூலைல ரெண்டு எடத்துல பூத்துப் போயிருக்குது சார்" என்றேன். முதலாளி அப்பாவு சார் விளக்கடித்துப் பார்த்தார். நான் சொன்ன மூலை, நான் சொன்ன ரெண்டு இடம். அன்றோடு துடைப்பம் வேறு ஆள் கைக்குப் போயிற்று.

வரும் நவம்பர் பதினைந்தாம் தேதி எனக்குப் பரிசோதகர் முத்திரை தருகிறார்கள். தேர்வு எழுதி, பாஸாகி, பெயரும் பலகையில் ஒட்டியாகிவிட்டது. எண் ஏழு. பரிசோதகர் குத்தினால்தான் டேங்க் எங்கள் வாசலைத் தாண்டும். மேடம் அறையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர், முத்திரை குத்துவதில்லை; இந்தக் கூடத்தில் முத்திரை வாங்கப்போகும் முதல் பொம்பளை நான்தான். இதை இந்த நோட்டில் நான்கு முறை எழுதிவிட்டேன் என்று தெரியும். ஐந்தாவது முறையும் எழுதுவேன், என் நோட்டு.

11 செப்டம்பர், வியாழன்

என் வீட்டுக்காரர் ஹேமநாத்துக்கு இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை. இரும்பைத் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்று நினைப்பு.

"இன்னாடி பானு, தகர டப்பாவத் தொடச்சிட்டு வந்து ராக்கெட்டு உட்ட மாரி குந்திக்கினுகிற?"

"உன் கம்பில துரு புடிச்சா தட்டி உட்டு லாரில ஏத்திடுவ. என் டேங்க்ல தண்ணி கலந்தா வானத்துல இஞ்சினு நின்னுடும். அங்க எறங்கித் தள்ள முடியுமா?"

ஹேமநாத் சிரித்தார். அப்புறம் உண்மையாகவே கேட்டார், மூடிய டேங்க்குக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று. சோற்றுக் குண்டான் மூடியைத் திருப்பிக் காட்டினேன். முத்து முத்தாக வேர்த்திருந்தது. டேங்க்கைப் பாதி காலியாக விட்டால் உள்ளே இருக்கும் ஈரக் காற்று இப்படித்தான் வேர்க்கும். வேர்த்தது அடியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு தகட்டைத் தின்னும். அதனால்தான் நான் வேலை முடித்து அனுப்பும் ஒவ்வொரு டேங்க்கிலும் ஒரு சீட்டு கட்டுவேன்: "பறந்து வந்ததும் நிரப்பி வையுங்கள். காலையில் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள்." யாரும் கட்டச் சொல்லவில்லை, நானே எழுதிக் கட்டுவது.

19 செப்டம்பர், வெள்ளி

ஐந்து நாள் சுரண்டல். மூங்கில் சீவலும் பிளாஸ்டிக்கும்தான், இரும்பு படவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் ஒட்டினாலும் அந்த இடம் மறுபடி அரிக்கும். தோள் விட்டுப்போகிறது. ஆனால் ஒரு குழிகூடத் தப்பவில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

ரொம்பக் குழிந்திருந்த ஓர் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தாயிற்று. ஸ்டீவன் அடித்தான், நான் உள்ளே கைவிட்டுத் தாங்கிப் பிடித்தேன். ரசாயனத் தொட்டிகளும் ஸ்டீவன் பொறுப்பு. முப்பத்து மூன்று வயது, வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. கும்மிடிப்பூண்டி சர்ச்சில் கிடார் வாசிப்பான். பூஜைப் பொரியில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறவன்.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளை ஆயுத பூஜை, விடுமுறை. வழக்கம்போல முந்தின நாள் சாயங்காலமே கும்பிட்டுவிட்டோம். கூடத்தைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கம்ப்ரஷருக்கு மாலை போட்டு, டிரில்லிங் மெஷினுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து — எல்லாம் என் தலைமையில்தான். ஆறாம் தேதி திங்கள்கிழமை திறப்பு.

விக்டோரியா மேடம் மதியம் பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்ல வந்து இழுத்தார். "பானுக்கா, வேலைல இருக்கிற பார்ட்ஸ் மட்டும்… கொஞ்சம் பாத்துக்கங்க." சரிங்க மேடம் என்றேன். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பூஜை விஷயத்தில் இதற்குமேல் பேச அவருக்குச் சங்கடம்.

எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மூன்று வாரம் தோள் நோக உழைத்த டேங்க்கை மட்டும் மூளியாக விட்டுப்போக மனசு வரவில்லை. சுத்தம் செய்து பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடமாகப் பார்த்து, பன்னீரில் குழைத்த குங்குமத்தை மோதிர விரலால் ஒரு பொட்டு. டேங்க்கோடு கூடவே போகும் சோதனைத் துண்டுக்கும் ஒன்று. அதே தகட்டில் வெட்டிய துண்டு அது. டேங்க்குக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையும் அந்தத் துண்டுக்கும் செய்ய வேண்டும் என்பது விதி. விதிப்படிதான் செய்தேன்!

திரும்பினால் ஸ்டீவன் பொரித் தட்டோடு நிற்கிறான். "நல்லாகீதுக்கா" என்றான்.

6 அக்டோபர், திங்கள்

பொட்டைத் துடைத்தேன். மறுபடி ஒருமுறை முழு டேங்க்கையும் கழுவி, தங்கத் தொட்டியில் இறக்கினோம். அரிப்பு பிடிக்காமல் இருக்க அலுமினியத்துக்குப் போடும் ரசாயனப் பூச்சு அது. தகடு வெள்ளையாக உள்ளே போய்ப் பொன் நிறத்தில் வெளியே வரும், அதனால் எங்கள் வாயில் அது தங்கத் தொட்டி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஸ்டீவன் அடிப்பக்கத்தை விளக்கில் காட்டி, "யக்கா, இந்த எடத்துல கலர் கொஞ்சம் கம்மியா கீதே" என்றான். லேசாக மங்கலாகத்தான் இருந்தது, விரல் நகம் அளவு. கறைதான், மேலே பிரைமர் அடித்தால் மூடிவிடும் என்றேன். அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றான். "நான் சொல்றேன் இல்ல, உடு" என்றேன்.

16 அக்டோபர், வியாழன்

டேங்க் கிளம்பிவிட்டது. காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, மூன்று முறை பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பள்ளிக்காரர்களுக்கு அவசரம், தீபாவளிக்கு முன்னால் விமானம் பறக்க வேண்டுமாம். சோதனைத் துண்டு மட்டும் எங்களிடமே இருக்கும். இருபத்தொரு நாள், உப்புத் தண்ணீரைப் பனியாகத் தூவும் உப்புப் பனிப் பெட்டிக்குள். கடற்கரையில் பல வருடம் படும் பாட்டை அந்தப் பெட்டி மூன்று வாரத்தில் படுத்திவிடும். நேற்று முன்தினமே உள்ளே வைத்தாயிற்று.

வேனில் ஏற்றும்போது அப்பாவு சார் டேங்க்கைத் தட்டிப் பார்த்து, "புதுசு தோத்துடும் பானு" என்றார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

4 நவம்பர், செவ்வாய்

துண்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

தகடு முழுக்க அருமையாக இருக்கிறது. நடுவில் மட்டும் ஒரு கொப்புளம். மேடம் நகத்தால் நெருட, பெயின்ட் உரிந்து வந்துவிட்டது. கீழே வெள்ளைப் பொடி. குழி.

வட்டமாக.

மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். "அரிப்புன்னா இஷ்டத்துக்குப் படரும். இது ஏன் இவ்ளோ வட்டமா இருக்கு?" அப்புறம் தொட்டிக் கணக்கை எடுத்தார். அந்த வாரம் தங்கத் தொட்டியில் ரசாயனத்தின் பலம் குறைவாக இருந்திருக்க வேண்டும், ஸ்டீவன் அளக்காமல் அளந்ததாக எழுதியிருக்க வேண்டும் என்று அப்பாவு சாருக்குச் சந்தேகம். ஸ்டீவனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்கள். "அளந்தேன் சார்" என்றான். அவ்வளவுதான். விசாரணை முடியும்வரை தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்றார்கள்.

எனக்கு அந்த வட்டத்தை அளக்க வேண்டிய அவசியம் இல்லை. என் மோதிர விரல் எனக்குத் தெரியாதா?

5 நவம்பர், புதன்

யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஒருவேளை அது பொட்டாக இல்லாமலும் இருக்கலாம் இல்லையா? வேறு தகட்டில் ஒரு பொட்டு வைத்து நாலு நாள் பார்த்து, உறுதி ஆனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையிலேயே கழிவுத் துண்டு ஒன்றில் வைத்தும்விட்டேன். விஞ்ஞானி மாதிரி. யாரை ஏமாற்றுகிறேன்? குங்குமம் எதில் செய்வது — மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து. அலுமினியப் பாத்திரத்தில் சுண்ணாம்பு வைத்தால் ஓட்டை விழும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எங்கம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பை எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்திருப்பாள். தெரிந்த விஷயம் ஒரு பக்கம், செய்த வேலை ஒரு பக்கம். ரெண்டும் என் தலைக்குள்ளேயே இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

அஞ்சு நாள் ஈரக் குங்குமம். அதுவும் பூச்சு எதுவும் இல்லாத வெறும் தகட்டில். பெரிய பரிசோதகி!

பத்து நாளில் முத்திரை. சொன்னால் போச்சு. இந்த முத்திரைக்காக ரெண்டு வருடம், ரயிலில், அடுப்படியில், கக்கூஸ் வாசலில்கூட உட்கார்ந்து படித்தேன். இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்து. இப்ப போய் நானே எப்படி…

அந்த விமானம் இன்றைக்கும் பறந்திருக்கும்.

6 நவம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஸ்டீவன் துடைப்பத்தை வைத்துக்கொண்டு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். தொட்டி வேலை இல்லாததால் சும்மா நிற்கப் பிடிக்கவில்லையாம். நான் கீழே வைத்த துடைப்பம் அவன் கையில். நேரே மேடம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. துண்டின் மேல் என் மோதிர விரலை வைத்துக் காட்டினேன். சரியாகப் பொருந்தியது.

"பொட்டு வெச்சேன் மேடம். டேங்க்கு அடில இன்னொண்ணு கீது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, "நான்தான்க்கா தெளிவா சொல்லியிருக்கணும். குங்குமம் வைக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது, வேற மாதிரி எடுத்துப்பாங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். உடனே போனை எடுத்துப் பயிற்சிப் பள்ளியைக் கூப்பிட்டார். அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள் என்று நான் அங்கே நிற்கும்போதே சொன்னார்.

அப்பாவு சார் கத்தினார். நியாயம்தான். "பதினெட்டு வருஷமா ஒரு டேங்க் திரும்பி வந்ததில்ல. பூஜை போட்டுத் திருப்பி வரவெச்சிட்ட!" என்றார். முத்திரை கிடையாது, பலகையிலிருந்து பேரை எடு என்றார். என் கண் முன்னாலேயே எடுத்தார்கள்.

பிறகு ஸ்டீவனிடம் போனேன். "நீதான் பாத்தியே. கலர் கம்மியா கீதுன்னும் சொன்ன. அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"நான் இன்னான்னு சொல்றது? சர்ச்சுக்குப் போறவன் குங்குமத்தக் குத்தம் சொல்ட்டான்னு ஆயிடும். அதுக்கு என் தொட்டியவே குத்தம் சொல்லிக்கினு போட்டும்னு உட்டுட்டேன்."

"வேலை போயிருக்கும்டா."

"போயிருக்கும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான், மடையன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்தில் அத்தனை ஆண்கள் முன்னால் ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

7 நவம்பர், வெள்ளி

விமானம் நிறுத்தப்பட்டது. ஹேமநாத் காலையில் காபி போட்டுக் கொடுத்தார், ஒன்றும் கேலி பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

11 நவம்பர், செவ்வாய்

டேங்க்கைக் கழற்றிப் பார்க்க மேடமும் நானும் பயிற்சிப் பள்ளிக்குப் போனோம். நான்கு மணி நேரம் வேன் பயணம். நான் வர வேண்டாம் என்று அப்பாவு சார் சொல்லியிருந்தார். பொட்டு எங்கே இருக்கிறது என்று அவங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லி மேடம் கூட்டிப்போனார்.

ஒன்பது வருடத்தில் எழுபது எண்பது டேங்க் பார்த்திருப்பேன். விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தது இன்றுதான். இவ்வளவு சின்னதா! எங்கள் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்தமாதிரி நிற்கிறது. நான்கு பேர் உட்காரலாம். அந்த நான்கு பேரும் என் பெட்டியை நம்பித்தான் மேலே போகிறார்கள்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒரு பெண், இளமதி என்று பெயர். முப்பது வயது இருக்கும். பொதட்டூர்பேட்டைக்காரியாம். நம்ம மாவட்டம். இந்த டேங்க்கைப் போட்ட பிறகு இருபத்தாறு மணி நேரம் அந்த விமானத்தில் பறந்திருக்கிறார். சீட்டில் எழுதியிருந்தபடி தினமும் காலையில் அடியில் வடித்துப் பார்த்தாராம். "அந்தச் சீட்டு எழுதுறது நீங்கதானாக்கா? அத நான் போர்டுல ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார். இன்னொரு நாளாக இருந்தால் அதைக் கேட்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் நடந்திருப்பேன்.

இறக்கையிலிருந்து டேங்க்கை இறக்கினார்கள். நான் படுத்துக்கொண்டு விளக்கடித்தேன். அடியில் தாங்கு பட்டை அழுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். டேங்க் உராயாமல் இருக்கப் பட்டைக்கு மேல் கம்பளி, கம்பளி முழுக்க மழைக்கால ஈரம். பெயின்ட் வேர்க்குரு அளவுக்குத் தடித்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். உரித்தோம். குழி, தகட்டின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. மேடம் அளந்து, எழுதி, என்னிடம் நீட்டினார். அடுத்த மழைக்காலம் வரை தாங்காது என்றார்.

பள்ளியின் தலைமை இன்ஜினியர் கேட்டார், "வெளிய ஒண்ணுமே தெரியல. இத யார் கண்டுபுடிச்சது?"

மேடம் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. "நான்தான் சார். வெச்சதும் நான்தான், கண்டுபுடிச்சதும் நான்தான்."

அவர் என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். இளமதி மட்டும் என் முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். திரும்பி வரும்போது டேங்க்கை வேனில் என் மடியில் சாய்த்துவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவமானமாக இருந்தது. கூடவே, ஐயோ, இதை எப்படி எழுதுவது — பெருமையாகவும் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் குழி எனக்கு மட்டும் தெரிந்து உள்ளேயே வளர்ந்திருக்கும்.

15 நவம்பர், சனி

முத்திரை தரும் நாள். எனக்கு இல்லை. வேறு பிரிவு ஆள் ஒருத்தர் வாங்கினார். கைதட்டினேன், உண்மையாகவே தட்டினேன். வீட்டுக்கு வந்து ஹேமநாத்திடம் சொன்னபோது, "என் மில்லுல இத மாரி ஒருத்தன் ஒத்துக்கினா ஊரே கட்டிப் புடிச்சிக்கும்" என்றார். பிறகு, "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

3 டிசம்பர், புதன்

நாலு நாளாக மழை. ரயில் இல்லை, இவர் பைக்கில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விட்டுவிட்டுப் போனார். டேங்க்கில் குழி விழுந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். இந்த முறை தங்கத் தொட்டியிலிருந்து எடுத்ததும் ஸ்டீவன் விளக்கைப் பிடிக்க, அங்குலம் அங்குலமாக நிறம் பார்த்தேன். "யக்கா, போதும், அதுக்கே வெக்கமா கீது" என்றான். போதாது என்றேன்.

அறிக்கை எழுத வேண்டும் என்றார் மேடம். அவரே எழுதுவதாகச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர். 'காரணம்' என்ற கட்டத்தில்: ஈரக் குங்குமத்தில் உள்ள சுண்ணாம்பு, பூச்சில்லாத தகடு, ஐந்து நாள், நிறம் குறைந்ததை உடன் வேலை செய்தவர் சுட்டிக்காட்டியும் நான் கேட்கவில்லை. கடைசி வரியை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன்.

'இனி நடக்காமலிருக்க' என்று ஒரு கட்டம். மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இது அவர் எழுதக் கூடாது, ஸ்டீவனும் எழுதக் கூடாது. நான்தான் எழுத வேண்டும், சாமி கும்பிடுகிறவள் எழுதினால்தான் யார் மனசும் புண்படாது. எழுதினேன்: "வேலை நடக்கும் பாகங்களின் மேல் சந்தனம், குங்குமம், விபூதி, எலுமிச்சை எதுவும் படக் கூடாது. பூஜைக்கு அவற்றின் வேலைச் சீட்டை மேசையில் வைத்துப் பொட்டு வைக்கலாம்." சீட்டில் அந்த டேங்க்கின் பெயரும் எண்ணும் இருக்கிறது, சாமிக்கு அடையாளம் தெரியாதா? அதைக் கூடத்தில் மாட்டியும்விட்டார்கள். என் கையெழுத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

19 டிசம்பர், வெள்ளி

விமானத் துறையிலிருந்து தணிக்கைக்கு ஆள் வந்தார். பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் அறிக்கையில் நின்றுவிட்டார். இரண்டு முறை படித்தார். "இந்த பானு யாரு?" உள்ளே போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொட்டி மேல பழி விழுந்திருக்கு, துண்டு மேல உங்க பேர் இல்ல. எதுக்கும்மா சொன்னீங்க?" என்றார்.

"பறக்குது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். என்ன என்று தெரியாது.

8 ஜனவரி 2026, வியாழன்

அப்பாவு சார் அறையில் மேடம் குரலை உயர்த்திப் பேசியதை இன்றுதான் முதல் தடவை கேட்டேன். கதவு பாதி திறந்திருந்தது, வேண்டுமென்றே ஒட்டுக் கேட்கவில்லை, கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

"அவங்க சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா சார்? தெரிஞ்சிருக்காது. ஸ்டீவன வீட்டுக்கு அனுப்பியிருப்போம், விமானம் பறந்துட்டே இருந்திருக்கும். அப்ப முத்திரைய வேற யாருகிட்ட குடுக்கறது?"

சார் சொன்னது காதில் விழவில்லை. நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

19 ஜனவரி, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனேன். மேசை மேல் சின்னப் பெட்டி. எண் ஏழு. விழா இல்லை, கைதட்டல் இல்லை. அப்பாவு சார் கூடத்தைக் கடந்து போகும்போது, "கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்று மட்டும் சொன்னார். வெறும் தாளில் ஒருமுறை குத்திப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை. ஸ்டீவன் பார்த்துவிட்டு, "மை தீர்ந்துடும்க்கா" என்றான்.

இந்த நோட்டின் ஓரத்திலும் குத்தியிருக்கிறேன்.

29 ஜனவரி, வியாழன்

என் முத்திரைக்கு முதல் டேங்க் இன்று மேசைக்கு வந்தது. தனியார் ஒருவரின் இரண்டு இருக்கை விமானம். ஸ்டீவன் ஒட்டுப் போட்டது, நானே உள்ளே பூச்சு பார்த்தது. வேன் வாசலில் இன்ஜின் ஓடியபடி நின்றது. ஆள் நேரில் வந்து காத்திருந்தார், நாளை காலை பறக்க வேண்டுமாம். அப்பாவு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

காற்றடைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவினேன். மூலையில் கடைசி ரிவெட்டுக்குப் பக்கத்தில், ரொம்ப நேரம் கழித்து, ஒரே ஒரு குமிழி. கடுகு அளவு. துடைத்தேன், மறுபடி தடவினேன். எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். நாற்பது எண்ணும்போது மறுபடி வந்தது, கொஞ்சமாக வளர்ந்து, உடைந்தது.

சிவப்புச் சீட்டை எடுத்தேன். தேதி, இடம், காரணம் எழுதி, ஏழாம் எண்ணைக் குத்தினேன். என் முதல் முத்திரை நிராகரிப்புச் சீட்டில் விழுந்தது.

வந்திருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவு சார் அவரைப் பார்க்கவில்லை, டேங்க்கையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி டிரைவரிடம் சொன்னார்:

"வண்டிய ஆஃப் பண்ணுப்பா. பானு வேணாம்னு சொல்லிடுச்சு."